தூணுக்கும் செருப்பு வேண்டும்!

ஒரு சின்னப் பரிசோதனை. ஏழெட்டு வருடம் ஆன மரத்தூண் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மொட்டை மாடிக் கொட்டகையோ, டீக்கடை முன்பந்தலோ, ரிசார்ட்டின் ஊஞ்சல் மண்டபமோ, எதுவானாலும் சரி. ஒரே நிபந்தனை, தூணின் கால் சிமெண்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தூணின் நடுவில் குத்திப் பாருங்கள். இறங்காது. தலைப்பக்கம் குத்துங்கள். அங்கும் இறங்காது. இப்போது குனிந்து, மரம் சிமெண்டுக்குள் நுழைகிற அந்த விளிம்பில் குத்துங்கள். பல தூண்களில் வெந்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவது போல இறங்கும். (டீக்கடைக்காரர் பார்க்காத நேரமாகக் குத்துவது உத்தமம்.)

மழையில் நிற்கும் தூண் நடுவில் உளுப்பது அபூர்வம். அது காலில்தான் சாகிறது. இது ஆசாரிக்குத் தெரியும், கொத்தனாருக்குத் தெரியும், மரக்கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் தூண் வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். தேக்கா வேங்கையா? நாலு இஞ்சா ஆறு இஞ்சா? பாலிஷா பெயிண்டா? அந்தத் தூண் எதன் மேல் நிற்கப் போகிறது என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை. அதற்கு மேஸ்திரியிடம் ஒரே பதில் தயாராக இருக்கிறது: "ரெண்டடி குழி எடுத்து, காங்கிரீட்ல புதைச்சு விட்டுடலாம் சார். யானை வந்து முட்டினாலும் அசையாது."

யானை வராது சார். தண்ணீர் வரும்.

அது எப்படி வருகிறது என்று கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் "காங்கிரீட் மரத்தைப் பாதுகாக்கிறது" என்ற மூடநம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. காங்கிரீட் பார்க்கத்தான் பாறை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் நிறைந்த பொருள் அது. திரி எண்ணெயை இழுப்பது போல ஈர மண்ணிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கும். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது? தூணின் அடியில், குறுக்கே அறுக்கப்பட்ட முகத்தில். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய அதே குழாய்கள் அந்த முகத்தில்தான் வாய் திறந்து கிடக்கின்றன. பக்கவாட்டில் மெதுவாக நனையும் மரம், அடிமுகத்தின் வழியாகப் பல மடங்கு வேகமாகக் குடிக்கும்.

இது அடியிலிருந்து வரும் தண்ணீர். மேலேயிருந்து வருவது இன்னும் மோசம். மரம் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். காங்கிரீட் அப்படிச் செய்யாது. புதைத்த முதல் கோடையிலேயே தூண் கொஞ்சம் சுருங்கி, அதைச் சுற்றி நூல் அளவு இடைவெளி விழுந்துவிடும். மழையில் தூண் வழியாக வழிந்து வரும் தண்ணீர் நேராக அந்த இடுக்கில் இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. வெயில் படாது, காற்றுப் படாது. தூணைச் சுற்றி மேஸ்திரி கட்டிக் கொடுத்தது பாதுகாப்புக் கவசம் இல்லை, தண்ணீர்த் தொட்டி!

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு நாலு விஷயம் வேண்டும். சாப்பாடு, அதாவது மரமே. மிதமான சூடு, தமிழ்நாட்டில் வருடம் முழுக்க உண்டு. காற்று. தண்ணீர். மரத்தின் ஈரம் அதன் காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. 30 சதவீதத்தை நெருங்கினால் அதற்குக் கொண்டாட்டம். முழுக்க முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய மரம்கூட நூற்றாண்டுக் கணக்கில் தாக்குப் பிடிக்கும், அங்கே காற்று இல்லை. தூணின் தலைப்பக்கம் தாக்குப் பிடிக்கும், அங்கே தண்ணீர் தங்குவதில்லை. காற்றும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கிற ஒரே இடம், தூண் தரைக்குள் நுழைகிற அந்த ஒரு சாண். அந்த இடத்தைத்தான் சிமெண்டுப் பூச்சு போட்டு மூடி, மேலே டைல்ஸும் ஒட்டுகிறார்கள். ஈரம் தேடி வரும் கரையானுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. மண்ணிலிருந்து காங்கிரீட் விரிசல் வழியாக யார் கண்ணிலும் படாமல் மரத்துக்குள் போய்விடலாம்.

இந்த நோய்க்கு மருந்து ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு இரும்புத் துண்டு. கீழே தட்டையான பிளேட், அது நாலு போல்ட்டில் காங்கிரீட்டைப் பிடித்துக்கொள்கிறது. மேலே இரண்டு காதுகள், அவை தூணை இரு பக்கமும் கவ்விக்கொள்ள, குறுக்கே போல்ட் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மேடை. தூண் அந்த மேடையில் உட்கார்வதால் அதன் அடிமுகம் காங்கிரீட்டைத் தொடுவதே இல்லை. ஒரு இஞ்சாவது இடைவெளி. மழை பெய்தால் நனையும், நின்றால் காயும். அவ்வளவுதான் சமாச்சாரம்! மனிதன் சேற்றில் நடக்கச் செருப்புப் போடுகிறான். தூண் வாழ்நாள் முழுவதும் அதே சேற்றில் நிற்கிறது.

அமெரிக்காவில் வீட்டின் பின்புறம் மரத்தளம் கட்டுகிறவர்களுக்கு இது கடையில் பெட்டியில் அடுக்கி விற்கிற சாமான். அங்கே குடியிருப்புகளுக்கான மாதிரிக் கட்டட விதிகளில் ஒரு சுவாரஸ்யமான விதிவிலக்கு இருக்கிறது. மரத்தூண் என்றால் இயற்கையிலேயே உளுக்காத மரமாகவோ, ரசாயனம் ஏற்றிப் பதப்படுத்திய மரமாகவோ இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் வெயில் மழையில் நிற்கும் தூணைக் காங்கிரீட் தரையிலிருந்து குறைந்தது 1 இஞ்சு உயர்ந்த பீடத்திலோ, திறந்த மண்ணாக இருந்தால் அதை ஈரம் ஏறாதபடி மூடி 6 இஞ்சு உயர்ந்த பீடத்திலோ நிறுத்தினால் அந்தக் கட்டாயம் தளர்கிறது. அதாவது ஒரு இஞ்சு காற்று, ஒரு டிரம் ரசாயனத்துக்குச் சமமாக எண்ணப்படுகிறது. தேக்குக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தை நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம். தாத்தா காலத்துல யாரு இரும்புச் செருப்பு போட்டாங்க?" என்று ஒரு குரல் வரும். நல்ல கேள்வி. தாத்தா என்ன செய்தார் என்று போய்ப் பார்க்கட்டும். செட்டிநாட்டு வீட்டில் பர்மா தேக்குத் தூண் எதன் மேல் நிற்கிறது? கல்லின் மேல். கிராமத்து ஓட்டு வீட்டுத் திண்ணைத் தூண்? அதுவும் கல்லின் மேல். கீழே அகலமாக, மேலே வரவரக் குறுகி, தரையைவிட உயர்ந்து நிற்கிற கல். திண்ணையைக் கழுவி விட்டாலும் தண்ணீர் மரத்தை எட்டாது. பரம்பரை வீட்டுத் தூணைக் கையால் தட்டிப் பெருமைப்படுகிறவர்கள், அதன் காலடிக் கல்லையும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பது நல்லது. தாத்தா மரத்தைப் புதைக்கவில்லை. புதைத்தது, சிமெண்டு மூட்டை மலிந்த பிறகு வந்த பேரன்கள்.

தாத்தா புதைத்ததும் உண்டு, மறுக்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டால் குழி தோண்டித்தான் நடுவார்கள். அது சில நாளுக்கு. குடிசைக்குச் சவுக்குக் கால் நட்டால் அதுவும் மண்ணுக்குள்தான். ஆனால் கால் இற்றுப்போகும், மாற்ற வேண்டும் என்று தெரிந்தே நட்டார்கள். கூரை வேய்கிற வருடத்தில் இற்ற காலைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கால் போடுவது வழக்கமான வேலை. மண்ணில் நட்டதைப் பிடுங்கலாம். காங்கிரீட்டில் வார்த்ததைப் பிடுங்க முடியுமா? கடப்பாரை, பிரேக்கர், தூசி, உடைந்த டைல்ஸ், பாதி வீடு!

தெரிந்தே புதைத்து, தெரிந்தே மாற்றுகிற இந்த வழக்கத்தை ஜப்பானியர்கள் ஒரு பெரிய சடங்காகவே வைத்திருக்கிறார்கள். இசே ஆலயத்தில் தூண்கள் நேராக மண்ணில் நடப்படுகின்றன. அந்த ஆலயத்தை 20 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013ல். அதே நாட்டில் ஹோர்யூஜி என்ற பௌத்த மடம் இருக்கிறது. உலகில் இன்று நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான் உள்ளன. ஆயிரத்து முந்நூறு வருடம் ஆயிற்று. அங்கே தூண்கள் கல்லின் மேல். வேடிக்கை என்னவென்றால், அந்த மடத்தின் ஐந்தடுக்குக் கோபுரத்தில் நடுத்தூண் ஒன்றை மட்டும் மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் பார்த்தபோது அந்தத் தூணின் அடி உளுத்துப்போய் வெறும் குழியாக இருந்தது. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே கைகள். புதைத்தது போயிற்று, கல்லில் நின்றது இருக்கிறது. இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் யார் கட்டித் தரப் போகிறார்கள்?

அப்படியானால் கல்லே போதுமே, இரும்பு எதற்கு?

பழைமை பேசுகிறவர்கள் சந்தோஷப்படுவதற்குள் இதற்கும் பதில் சொல்லிவிட வேண்டும். கல் மரத்தைக் காய வைத்தது. ஆனால் பிடித்து வைக்கவில்லை. ஓட்டு வீட்டில் பிடித்து வைத்தது கூரையின் கனம். ஓடும் ரீப்பரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல். அதற்கும் மேலே உத்திரம், கைமரம். அத்தனையும் தலையில் உட்கார்ந்திருக்கும்போது தூண் எங்கே போகும்? இன்றைக்கு அதே தூணின் தலையில் என்ன இருக்கிறது? தகர ஷீட். ஒரு ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடக் கணக்குதான். இந்தியத் தர விதிகளின்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் காற்றின் அழுத்தம் வரும். சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், சுமார் 150 கிலோ எடை. கூரையை அது எவ்வளவு மேலே தூக்கும் என்பது கூரையின் வடிவத்தைப் பொறுத்தது. கருணையோடு பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10க்கு 12 அடிக் கொட்டகை என்றால் 11 சதுர மீட்டர். மேல்நோக்கிய விசை 825 கிலோ. ஷீட்டும் அதைத் தாங்கும் சட்டங்களும் சேர்த்துக் கூரையின் எடை 220 கிலோ என்று கழித்துவிட்டால் மீதி 605. தூண் நாலு. ஒவ்வொரு தூணையும் சுமார் 150 கிலோ வானத்தை நோக்கி இழுக்கிறது. கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூணை அப்படியே தூக்கிக்கொண்டு போகும். 2016 டிசம்பர் 12ல் வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் ஷீட்டுகள் எப்படிப் பறந்தன என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பறக்கிற ஷீட் யார் கழுத்தில் போய் விழும் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

ஜப்பான்காரர்களும் இந்தப் பாடத்தை வலியோடுதான் படித்தார்கள். 1995 ஜனவரி 17ல் கோபே நகரைத் தாக்கிய பூகம்பத்தில் 6,400க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். இடிந்தவற்றில் பழைய மர வீடுகள் ஏராளம். ஆடிய ஆட்டத்தில் தூண்களின் கால்கள் அடிச்சட்டத்திலிருந்து கழன்று வெளியே வந்துவிட்டன. 2000ல் கட்டட விதிகளைத் திருத்தியபோது, தூணின் தலையிலும் காலிலும் எந்த இடத்தில் எந்த மாதிரி உலோகப் பிடிப்பு வேண்டும் என்று வரையறுத்தார்கள். மர வேலையில் உலகுக்கே வாத்தியாராக இருக்கிற ஊர், ஆணியே இல்லாமல் கோயில் கட்டத் தெரிந்த ஊர், கடைசியில் இரும்புக்கு வந்தது.

ஆக விஷயம் இதுதான். தூணின் காலுக்கு இரண்டு தேவை, காய்ந்திருக்க வேண்டும், பிடித்திருக்க வேண்டும். புதைத்தால் பிடிப்பு உண்டு, காய்ச்சல் இல்லை (ஜுரம் அல்ல, உலர்வு!). கல்லில் நிறுத்தினால் உலர்வு உண்டு, பிடிப்பு இல்லை. இரண்டையும் ஒன்றாகத் தருகிற இரும்புத் துண்டு, தூணின் விலையோடு ஒப்பிட்டால் சுண்டைக்காய். அதைத்தான் "எதுக்கு சார் வெட்டிச் செலவு" என்று ஒதுக்குகிறார்கள்.

ஒதுக்குகிறவர்கள் கையில் இன்னும் சில அம்புகள் இருக்கின்றன.

"தார் அடிச்சுப் புதைச்சா ஒண்ணும் ஆகாது." தார் பூசிய தூணும் சுருங்கும், வெடிக்கும். வெடித்த இடத்தில் தண்ணீர் நுழையும். நுழைந்தது வெளியே வராமல் தாரே பார்த்துக்கொள்ளும். பாலிதீன் உறை சுற்றிப் புதைப்பவர்களும் உண்டு. உறைக்குள் தண்ணீர் ஊற்றிக் கட்டி வைத்தால் கொய்யாப்பழமே அழுகுகிறது.

"வைரம் பாய்ஞ்ச மரம் சார், பாறை மாதிரி." வைரம் பாய்ந்த தேக்கு அருமையான மரம், மறுப்பில்லை. ஆனால் கடையில் கிடைக்கிற தூணின் நாலு மூலையையும் உற்றுப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் ஒரு பட்டை ஓடும். அது வைரம் இல்லை, வெள்ளை. தேக்காக இருந்தாலும் அந்த வெள்ளைப் பகுதிக்கு உளுக்காமல் தாங்கும் சக்தி கிடையாது. தேக்கு என்ற பெயருக்குத்தான் காசு, வெள்ளைக்கும் சேர்த்து.

"அமெரிக்காவில் கரண்ட் கம்பமே மரம்தான், மண்ணுக்குள் பல பத்து வருஷம் நிற்கிறதே?" இதுதான் இருப்பதிலேயே நியாயமான வாதம். நிற்கிறது, உண்மை. ஆனால் அந்தக் கம்பங்களுக்கு ஆலையில் அழுத்தம் கொடுத்து உள்வரை மருந்து ஏற்றுகிறார்கள். பிறகு ஆட்களை அனுப்பித் தரைமட்டத்தில் தட்டியும் துளைத்தும் பரிசோதிக்கிறார்கள், போனதை மாற்றுகிறார்கள். உங்கள் மாடிக் கொட்டகைக்கு அப்படி யார் வரப் போகிறார்கள்? இந்த மருந்து ஏற்றும் கதையில் ஒரு உபரித் தகவல். உலகெங்கும் பல பத்தாண்டுகள் ஆண்ட செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவையை 1933ல் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. ஆர்சனிக் பயத்தால் அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்தில் அதை 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்த, செம்பு அதிகமுள்ள மருந்துகள் சாதாரண ஜி.ஐ. சாமான்களை வேகமாக அரித்தன. அதனால் பதப்படுத்திய பைன் மரம் வாங்கிப் பெர்கோலா போடுகிறவர்கள், செருப்பு எந்த உலோகம் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

"இரும்பும்தான் துருப் பிடிக்கும்!" பிடிக்கும். குறிப்பாகப் பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ கடல் காற்றில் பிடிக்கும். ஆனால் துரு வெளியே தெரியும். சுரண்டலாம், பெயிண்ட் அடிக்கலாம், போல்ட்டைக் கழற்றிச் செருப்பையே மாற்றலாம். சிமெண்டுக்குள் மரம் உளுப்பது யாருக்கும் தெரியாது, விழுகிற நாள் வரை. கடலோரம் என்றால் துத்தநாகக் குழம்பில் முக்கி எடுத்ததோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். பட்டறையில் வெட்டி, வெல்டு வைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட் இழுத்துவிட்டு "ஜி.ஐ. தான் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஜி.ஐ. தகட்டையே வெல்டு வைத்தாலும் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். முதலில் வெல்டு, பிறகு முக்கல். இதுதான் வரிசை.

பட்டறை என்றதும் இன்னொரு கொடுமையைச் சொல்லியாக வேண்டும். செருப்பு கேட்டால் டம்ளர் செய்து தருகிறார்கள்! சதுரக் குழாயில் அரை அடி வெட்டி, அடியில் பிளேட் வைத்து அடைத்து, அதற்குள் தூணைச் சொருகிவிடுகிறார்கள். பார்க்க கெட்டியாகத்தான் இருக்கும். தூண் வழியாக வழியும் மழை அந்த டம்ளருக்குள் இறங்கி நிற்கும். இது காங்கிரீட்டில் புதைப்பதன் தம்பி, வேறொன்றுமில்லை. அடியில் ஓட்டை இல்லாத, மேடை இல்லாத எதுவும் செருப்பு கிடையாது. பிளேட்டைத் தரையோடு ஒட்டி வைத்து அதன் மேலேயே மரத்தை உட்கார வைப்பதும் அப்படித்தான். இடைவெளிக்குத்தான் காசு, இரும்புக்கு இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரு இஞ்சு போதும் என்கலாம். ஐப்பசி மழையில் ஷீட்டிலிருந்து அருவியாகக் கொட்டித் தெறிக்கிற ஊரில் இரண்டு மூன்று இஞ்சு இருந்தால் தப்பில்லை.

மொட்டை மாடியில் இதைவிடப் பெரிய ஏமாற்று நடக்கிறது. சென்னை மாடிகளில் மேலே தெரிவது தட்டோடு. அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு அடுக்கு. அதற்கும் கீழேதான் உண்மையான காங்கிரீட். ரெண்டு இஞ்சு ஆணியும் பிளாஸ்டிக் பிளக்கும் வைத்துத் தட்டோட்டில் செருப்பை மாட்டிவிட்டு "ஸ்ட்ராங்கா இருக்கு சார்" என்று உதைத்துக் காட்டுவார்கள். அந்த ஆணி காங்கிரீட்டைத் தொடவே இல்லை. ஜல்லியில் நிற்கிறது. புயல் வேண்டாம், ஆடிக் காற்றே போதும். சரி என்று ஆழமாகத் துளை போட்டால் தண்ணீர் கீழே இறங்கிப் படுக்கையறையில் ஒழுகும். மாடியில் என்றால் தட்டோட்டை அந்த இடத்தில் எடுத்துவிட்டு, கீழே வீட்டுத் தூண் வருகிற இடமாகப் பார்த்து, தளத்தின் கம்பியோடு பிணைத்துச் சின்னக் காங்கிரீட் கட்டை வார்த்து, சுற்றிலும் ஒழுகாமல் அடைத்து, அதன் மேல் போல்ட் வைக்க வேண்டும். வேலை அதிகம்தான். தரையில் என்றால் சுலபம். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு கட்டை வார்த்தால் அதன் எடை சுமார் 230 கிலோ. மேலே போட்ட 150 கிலோ கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வார்க்கும்போதே போல்ட்டைப் பதித்துவிட்டால் பின்னால் துளை போடும் வேலையும் மிச்சம். துளைதான் போட வேண்டும் என்றால் ஓரத்தை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். விரியும் வகை போல்ட்டை ஓரத்தில் முறுக்கினால் காங்கிரீட் மூலை பெயர்ந்து கையில் வந்துவிடும்.

எதிர்க்கட்சிக்கு ஒரே ஒரு இடத்தில் முழு மார்க் கொடுத்தாக வேண்டும். "புதைச்சாத்தான் சார் ஆடாது" என்று மேஸ்திரி சொல்வது பொய் இல்லை. செருப்பில் நிற்கும் தூண் கீல் வைத்த கதவு மாதிரி. மேலே தூக்கினால் விடாது, கீழே அழுத்தினால் தாங்கும், ஆனால் தலையைப் பிடித்துத் தள்ளினால் சாயும். செருப்பு செய்து விற்கிறவர்களே இதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தலை எதிலும் பிணைக்காத வேலித் தூணுக்கு இது ஆகாது என்று எழுதியே போடுகிறார்கள். அதனால் கொட்டகையில் தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இரண்டு திசையிலும் குறுக்காகச் சாய்வுச் சட்டம் அடிக்க வேண்டும், அல்லது ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெறும் செருப்பில் நாலு தூணை நிறுத்திவிட்டு, ஆடுகிறது என்று செருப்பைத் திட்டுவது நியாயமில்லை. பழைய ஆசாரிகள் தூணின் தலையில் போதிகை வைத்தது அழகுக்கு மட்டும் என்று யாராவது நினைத்தால் அதுவும் தப்பு. உத்திரத்தைத் தாங்கும் இடத்தை அது அகலப்படுத்தித் தருகிறது.

"ஒரு கொட்டகைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். 2015 ஜூன் 16 நள்ளிரவு தாண்டிய நேரம், அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஒரு அடுக்குமாடியில் பிறந்தநாள் விருந்து. மாணவர்கள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார்கள். பால்கனி ஒடிந்து 6 பேர் இறந்தார்கள், 7 பேர் காயம். அந்தக் கட்டடம் 2007ல்தான் முடிந்தது. வயது எட்டு! அங்கே தூண் கிடையாது, சுவரிலிருந்து நீண்ட மரச்சட்டங்கள்தான். ஆனால் காரணம் அதேதான். மூடி மறைத்த இடத்தில் தண்ணீர் தங்கி, வெளியே பளபளவென்று இருக்க உள்ளே மரம் மக்கியிருந்தது. 2018ல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டு, அடுக்குமாடிகளில் இப்படி மரத்தில் நிற்கும் பால்கனிகளையும் படிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்றது. கல்லூரி ஹாஸ்டல் மாடியில், கேண்டீன் முன்னால், பைக் ஸ்டாண்டில் நிற்கிற கொட்டகைத் தூண்களை அப்படி யாரும் பரிசோதிப்பதில்லை. அந்த ஸ்க்ரூடிரைவர் ஞாபகம் இருக்கிறதா?

ஒருவேளை எல்லாம் சரியாகவே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் கட்டை வார்த்தாயிற்று. முக்கி எடுத்த செருப்பு, சரியான போல்ட், இரண்டு இஞ்சு இடைவெளி, தலையில் சாய்வுச் சட்டம். தூண் ஜம்மென்று நிற்கிறது. கடைசி நாள் வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்க்கிறார். தூணின் அடியில் தெரிகிற அந்தச் சந்தில் அவர் கண் நிற்கிறது.

"என்ன மேஸ்திரி, காலு அந்தரத்துல தொங்குது? பார்க்க அசிங்கமா இருக்கே. ரெண்டு சட்டி சிமெண்ட் வெச்சு சுத்திப் பூசி விட்டுடுங்க."

"அதுக்கென்ன சார், பூசிட்டாப் போச்சு."